கழித்து வருவது

காவேரிப்பட்டணம் சாலையில் என் எடை மேடை.
லாரி ஏறும். எண் துடிக்கும், நிற்கும்.
பாரத்தோடு ஒரு கணக்கு, வெறும் வண்டிக்கு ஒன்று.
பெரியதில் சிறியதைக் கழித்தால்
மாங்காய்.
ஒரு காயைக்கூடக் கண்ணால் பார்க்காமல்
இத்தனை டன் தோதாபுரி என்று
கையெழுத்துப் போடுகிறவன் நான்.

கொலையும் அப்படித்தான்.
யார் செய்தார் என்று தேடக் கூடாது.
யாரால் முடியாது என்று
ஒவ்வொருவராக இறக்கிவிட்டு
மேடையில் மிச்சம் நிற்பவரைப் பிடிக்க வேண்டும்.

ஆனி மாதத்து இரவுகளில்
ரத்தான எடைச்சீட்டின் முதுகில்
ஒரு கொலை எழுதுவேன்.
பர்கூரில், கூழ் ஆலை வாசலில்
நாகவேணி எடை போடுகிறாள்.
பார்த்ததில்லை. பென்சில் எழுத்து மட்டும் பழக்கம்;
'ழ'வின் வாலைச் சுழிக்காமல் பாதியில் விட்டுவிடுவாள்.
போகிற லாரியில் பிணம் போகும்,
திரும்புகிற லாரியில் கொலைகாரன் வருவான்.

தூது, எல்லப்பன்.
எழுத்து வாசனையே கிடையாது என்பார்.
பதினோரு வருஷமாக
எடையை நான்தான் வாசித்துச் சொல்கிறேன்.
கேட்டுக்கொண்டு, கட்டைவிரலை மையில் தோய்த்து உருட்டுவார்.

சென்ற செவ்வாய்க்கிழமைக் கொலைக்குப்
பெயர் எதுவும் சிக்கவில்லை.
தெரிந்தவர்களையே போட்டேன்.
பழக் கிடங்கில் மண்டிக்காரர் திம்மராயப்பா செத்துக் கிடக்கிறார்.
எல்லப்பன், முனிலட்சுமி, சாதிக் பாஷா:
ஒருவர் கிடங்கில், ஒருவர் அணைக்கரையில், ஒருவர் கூட்டு ரோட்டில்.
கொக்கி, கயிறு, எடைக்கல். ஆளுக்கு ஒன்று.

எல்லப்பனிடம் இருந்தது கொக்கி.
முனிலட்சுமி நின்றது கூட்டு ரோட்டில்.
கயிறு அணைக்கரைக்குப் போகவில்லை.
எடைக்கல் கிடங்குக்குள் வரவில்லை.
கடைசியாக, ஐந்தாவது:
கயிறு முனிலட்சுமி கையில்.

வியாழன் காலை பதில் வந்தது.
'எல்லப்பனும் செய்திருக்கலாம், பாஷாவும் செய்திருக்கலாம்.
ஒரு சாவுக்கு இரண்டு பேரைத் தூக்கில் போட என்னால் ஆகாது.
தூக்கத்தில் எழுதினீர்களா?'

சீட்டைத் திருப்பினேன்.
நான்கு குறிப்புகள்.
ஐந்தாவது இருந்த இடத்தில்
மடித்து, நகத்தால் நீவி, கிழித்த ஓரம்.

காற்று இவ்வளவு நேராகக் கிழிக்காது.
மழை சித்திரையோடு சரி.
நாகவேணி கிழித்திருந்தால்
குறைகிறது என்று ஏன் கேட்கிறாள்?
நான் எழுதியதற்குக் கார்பன் நகல் இருக்கிறது.
மேடையில் மிச்சம் ஒருவர்.

ஆனால் அந்த வரியில் அவர் பெயரே இல்லை.
எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்கு
அது முனிலட்சுமி சமாச்சாரம்.
கயிறு அவளிடம் என்றால் கல் பாஷாவிடம்,
கல் கிடங்குக்குள் வராது, கூட்டு ரோடு அவளுடையது,
ஆக பாஷா அணைக்கரையில்,
அப்படியானால் கொக்கியோடு கிடங்கில் நிற்பது யார்?
டோல்கேட் வரிசையில், இன்ஜினை அணைக்காமல்,
காகிதம் இல்லாமல், கட்டம் இல்லாமல்
இது முழுவதையும் மனசுக்குள் ஓட்டியவர்தான்
அந்த ஒரு வரியைக் கிழித்திருக்க முடியும்.
சொந்தப் புதிரைச் சரிபார்க்க
எனக்கே கால் மணி நேரம் ஆனது.

பதினோரு வருஷம் ஏன் மறைத்தார்?
மூன்று காரணம் யோசித்தேன்.
எதையும் கழிக்க முடியவில்லை.

சாயங்காலம் பாரத்தோடு ஏறினார்.
சீட்டு வந்தது: ஒன்பது டன் நானூறு.
'எவ்வளவு சார்?'
'ஒன்பது டன் நாற்பது' என்றேன்.

மை தோய்ந்த கட்டைவிரல்
காகிதத்துக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது.
சாலையில் இரண்டு பஸ் கடந்தன.

'கண்ணாடியத் தொடச்சிட்டு
இன்னொருக்கா படிங்க சார்.'